நாலாம் மாடிக்கு ஆள்

தமிழில் ‘போடு’ என்ற சொல்லை எடுத்துவிட்டால் எங்கள் ஆட்களில் பாதிப்பேர் ஊமையாகிவிடுவார்கள். தேத்தண்ணி போடுவோம், சட்டை போடுவோம், கையெழுத்துப் போடுவோம், சண்டை போடுவோம், போட்ட சண்டையை மறக்கக் கோயிலில் ஒரு கும்பிடும் போடுவோம். சுவிஸில், இன்டர்லாக்கனில் ஒரு ஹொட்டேலில் அறைகளைத் துப்புரவாக்கும் பகுதிக்கு நான் பொறுப்பாக இருந்த வருடங்களில் ஒவ்வொரு காலையும் இந்தச் சொல்லோடுதான் விடிந்தது. முதலாம் மாடிக்கு இவளைப் போடு, இரண்டாம் மாடிக்கு அவளைப் போடு, சுற்றுலாக் குறூப் வருகிறதென்றால் இன்னும் ஒரு ஆளைப் போடு. இந்த ஒரு சொல்லால் என் கணவர் உளவாளி ஒருவரைக் கொன்றவராக ஆனார். இரண்டு அரசாங்கங்கள் எங்கள் வீட்டுத் தமிழைக் கையில் வைத்துக்கொண்டு ஒன்றையொன்று திட்டின. அதை நினைத்தால் இன்றைக்கும் எனக்குக் கோபம்தான் முதலில் வருகிறது. கோபத்தோடேயே சொல்லிவிடுகிறேன்.

நான் பீல் என்ற ஊரில் வளர்ந்தவள். அப்பா அங்கே மணிக்கூட்டுத் தொழிற்சாலையில் வேலை செய்தார். பாதித் தெரு ஜெர்மன் பேசும், மறுபாதி பிரெஞ்சு பேசும், எங்கள் வீட்டில் அம்மா இரண்டையும் தமிழில் திட்டுவா. என் கணவர் 2009இல் இலங்கையில் சண்டை முடிந்த பிறகு, மிஞ்சிய உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு வந்தவர். அவருடைய அகதி விண்ணப்பத்தை நிராகரித்தார்கள். ஆனால் திருப்பி அனுப்பவும் முடியாது என்று ஒரு ‘எஃப்’ அட்டையைக் கொடுத்தார்கள். இருக்கலாம், ஆனால் நிரந்தரம் இல்லை என்பது அதன் பொருள். அப்படியே சில வருடங்கள் போயின. பிறகு திரிம்பாக் கோயிலில் எங்கள் கலியாணம் நடந்தது. அதோடு அவருக்கு வதிவிட உரிமை தரும் ‘பி’ அட்டை கேட்டு விண்ணப்பித்திருந்தோம். கலியாணத்துக்குப் பிறகு வந்த முதல் குளிர்காலம் அது. விண்ணப்பம் ஏதோ ஒரு மேசையில் காத்துக்கொண்டிருந்தது. அவர் நான் வேலை செய்த ஹொட்டேலிலேயே நிலக்கீழ்த் தளத்தில், துணி தோய்க்கும் இடத்தில் வேலை செய்தார்.

நாலாம் மாடியைப் பற்றியும் சொல்ல வேண்டும். இலங்கையில் இருந்து வந்தவர்களுக்கு அது வெறும் மாடி அல்ல. கொழும்பில் அந்தப் பெயரில் ஒரு இடம் இருந்தது. விசாரணைக்குக் கூட்டிப் போகிற இடம். அதனால் எங்கள் ஹொட்டேலின் நாலாம் மாடிக்கு யாரையாவது போட்டால், மற்றவர்கள் அவளைப் பார்த்து, “அக்கா, இண்டைக்கு உங்களுக்கு நாலாம் மாடியோ? வீட்டுக்குச் சொல்லிப்போட்டு வந்தனீங்களோ?” என்று பகிடி விடுவார்கள். எல்லோரும் சிரிப்போம். என் கணவர் சிரிக்கமாட்டார். தோய்த்த துணி வண்டியை மூன்றாம் மாடிவரை கொண்டுவந்து லிஃப்டில் ஏற்றிவிட்டு, மேலே நிற்கிறவளுக்குக் குரல் கொடுப்பார். அதற்கு மேலே அவர் போய் நான் கண்டதில்லை. ஏன் என்று நான் கேட்கவும் இல்லை. கேட்காமல் விடுவதும் ஒரு அன்புதான் என்று அப்போது நினைத்திருந்தேன்.

அந்த நாளில் எனக்குக் கடும் காய்ச்சல். விடியற்காலையில் நாலாம் மாடிப் பெண் தொலைபேசி எடுத்து, தனக்கும் காய்ச்சல் என்றாள். நான் படுக்கையில் கிடந்தபடியே, முன்னமே வேலைக்குப் போய்விட்ட என் கணவருக்கு எடுத்தேன். “நாலாம் மாடிக்கு ஆள் இல்லையாம். ஆரையாவது பிடிச்சுப் போடுங்கோ. ஷெஃபுக்குத் தெரிஞ்சால் என்னைச் சாப்பிட்டிடுவார்” என்று அழாக்குறையாகச் சொன்னேன். ஷெஃப் என்று நாங்கள் சொல்வது ஹொட்டேல் மனேஜரை. துவாய் மடிப்பு ஒரு விரல் பிசகினாலும் உலகம் அழிந்ததுபோலக் கத்துகிற மனிதர். கொஞ்ச நேரத்தில் என் கணவரிடமிருந்து தொலைபேசியில் பதிந்து அனுப்பிய ஒரு வொய்ஸ் வந்தது. பின்னால் தோய்க்கும் மெஷின் இரைந்துகொண்டிருந்தது.

“நீர் ஒண்டுக்கும் யோசியாமல் படும். நாலாம் மாடிக்கு ஆளைப் போட்டாச்சு. ஷெஃப் கேட்டால் நான் கதைக்கிறன். நீர் ஒருத்தருக்கும் ஒண்டும் சொல்லாதையும்.”

எனக்கு நிம்மதியாக இருந்தது. பனடோலைப் போட்டுக்கொண்டு படுத்துவிட்டேன்.

அன்று பின்னேரம் அந்த மாடியில் ஒரு அறையில் ஒரு மனிதர் இறந்து கிடந்ததைக் கண்டார்கள். ‘தொந்தரவு செய்யாதீர்கள்’ என்ற அட்டை காலையில் இருந்து கதவில் தொங்கியதால் யாரும் உள்ளே போகவில்லை. வயதானவர், உயரமானவர், காலையில் தன் போர்வையைத் தானே மடித்து வைத்துவிட்டுப் போகிறவர். எங்கள் பெண்களுக்கு அவரை நல்ல விருப்பம். மாரடைப்பு என்றுதான் முதலில் சொன்னார்கள். எனக்குக் கவலையாக இருந்தது. இவ்வளவு ஒழுங்கான மனிதருக்கு ஊரில் ஒரு மனிசி காத்துக்கொண்டிருப்பாளே என்று நினைத்தேன்.

சில நாட்கள் கழித்துப் பத்திரிகையில் வந்ததைப் படித்தபோதுதான் அவர் யார் என்று தெரிந்தது. ஒரு நாட்டின் உளவுத்துறையில் பெரிய பதவியில் இருந்து, அங்கிருந்த ரகசியங்களை இன்னொரு நாட்டுக்குக் கொடுத்துவிட்டு, அந்த இன்னொரு நாட்டில் வேறு பெயரில் வாழ்ந்தவராம். அவருடைய உடலில் நஞ்சு இருந்ததாம். அந்த இரண்டு நாடுகளின் பெயரையும் நான் எழுதப்போவதில்லை. அவை இரண்டும் எங்களுக்குச் செய்தது காணும்.

அடைக்கலம் கொடுத்த நாடு, பிறந்த நாடுதான் ஆளை அனுப்பிக் கொன்றது என்றது. பிறந்த நாடு, அவர் யாரென்றே தெரியாது என்றது. பிறகு தெரியும், ஆனால் நாங்கள் இல்லை என்றது. சுவிஸ் தலைநகரான பேர்னில் அதன் தூதுவரை அழைத்துக் கேள்வி கேட்டார்கள். உடனே அந்த நாடு, அங்கிருந்த சுவிஸ் தூதரக அதிகாரி ஒருவரைப் பெட்டி கட்டச் சொன்னது. பதிலுக்குச் சுவிஸும் அவர்களுடைய ஒருவரைத் திருப்பி அனுப்பியது. மூன்று நாடுகளும் மாறிமாறிக் கதவை அடித்துச் சாத்தின. அதன் சத்தம் எங்களுக்கும் கேட்டது. அந்த நாட்டில் இருந்து பஸ் பஸ்ஸாக வந்த குறூப்புகள் நின்றுபோயின. விசா கொடுப்பதை நிறுத்திவிட்டார்களாம். பாதி அறை வெறுமையாகக் கிடக்க, எங்கள் பெண்களின் வேலை நேரத்தைக் குறைத்தார்கள். யானைகள் முட்டிக்கொண்டால் புல்லுக்குத்தான் கேடு என்று சும்மாவா சொன்னார்கள்.

புல்லோடு நின்றிருந்தால் பரவாயில்லை. பொலிஸ் ஹொட்டேல் ஊழியர்கள் எல்லோருடைய தொலைபேசிகளையும் வாங்கிப் போனது. அன்று காலை நாலாம் மாடியை யாரோ துப்புரவாக்கியிருந்தார்கள். வேலை அட்டவணையில் இருந்ததோ காய்ச்சலில் வீட்டில் படுத்திருந்த பெண்ணின் பெயர். அப்படியென்றால் மேலே நின்றது யார்? அந்தக் கேள்வியை நானும் என் கணவரிடம் கேட்காமல் விட்டிருந்தேன். ஒரு காலையில் இரண்டு பேர் எங்கள் வீட்டு மணியை அடித்தார்கள். என் கணவரைச் சட்டை மாற்றச் சொன்னார்கள். அவர் சப்பாத்தின் கயிற்றை நிதானமாகக் கட்டிவிட்டு, ஏற்கெனவே பழகிய வேலை போல அவர்களோடு நடந்தார். அந்த நிதானத்தைக் கண்டுதான் எனக்குப் பயம் வந்தது.

அடுத்த நாள் என்னைக் கூப்பிட்டார்கள். பேர்னில் இருந்து வந்த பெண் அதிகாரி, நரைத்த கட்டை முடி, மரியாதையான குரல். மேசையில் ஒரு தாள். என் கணவர் எனக்கு அனுப்பிய வொய்ஸை மொழிபெயர்த்திருக்கிறோம், இது சரியா என்று ஜெர்மனில் வாசித்தா. அதைத் தமிழில் சொன்னால் இப்படி வரும்: கவலைப்படாமல் தூங்கு. நாலாம் மாடி ஆளைத் தீர்த்தாயிற்று. ஷெஃப் கேட்டால் நான் பேசிக்கொள்கிறேன். நீ யாரிடமும் எதுவும் சொல்லாதே.

நான் சிரித்துவிட்டேன். அடக்க முடியவில்லை. அவவுக்குப் பக்கத்தில் இருந்து குறிப்பெடுத்தவர், விசாரிக்கப்படுபவர் சிரிக்கிறார் என்று எழுதிக்கொண்டார்.

“இந்த ஷெஃப் யார்?” என்று அதிகாரி கேட்டா.

“மொட்டைத் தலை, துவாய் துவாய் என்று கத்துவார். கீழே அவருடைய அறையில் இருப்பார், போய்ப் பாருங்கள்” என்றேன்.

அவ சிரிக்கவில்லை. என் சிரிப்பும் மெதுவாக வற்றிப்போனது. நான் விளக்கத் தொடங்கினேன். எங்கள் மொழியில் வேலைக்கு ஆளை நிறுத்துவதையும் அப்படித்தான் சொல்வோம் என்றேன். அவ கவனமாகக் கேட்டுவிட்டு, அதே சொல் கொல்வதையும் குறிக்குமா என்று கேட்டா. பொய் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. குறிக்கும் என்றேன். சண்டை எங்கள் தமிழுக்குக் கொடுத்த சீதனம் அது. சந்தியில் ஒருவர் சுடப்பட்டுக் கிடந்தால், ஆளைப் போட்டிட்டாங்கள் என்றுதான் ஊரில் சொல்வார்கள். சின்ன வயதில், ஊரில் இருந்து வரும் தொலைபேசிகளில் எத்தனையோ தரம் கேட்டிருக்கிறேன். நான் குறிக்கும் என்று சொன்னதும் எழுதப்பட்டது.

வெளியே வந்ததும் கோபம் வந்தது. என் மனிசன் ஒரு பூச்சியைக்கூடத் தாளில் ஏந்திக் கொண்டுபோய் யன்னலுக்கு வெளியே விடுகிறவர். அவரை ஒரு சொல்லுக்காகப் பறிகொடுக்க நான் ஆயத்தமாக இல்லை. இதைத் திருத்தாமல் விடுவதில்லை என்று அந்த வாசற்படியிலேயே முடிவெடுத்தேன்.

அதற்குள் அந்தத் தாள் எங்கேயோ கசிந்துவிட்டது. எப்படி என்று இன்றுவரை தெரியாது. உளவாளியின் பிறந்த நாடு உடனே அதைப் பிடித்துக்கொண்டது. கொலைக்கும் எங்களுக்கும் சம்பந்தமில்லை, ஹொட்டேலில் வேலை செய்கிற இலங்கை அகதிகள் செய்ததற்குச் சுவிஸ் பொலிஸிடமே சாட்சி இருக்கிறது, அதை மறைத்து எங்கள் தூதுவரை அவமதித்தார்கள், மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று அறிக்கை விட்டது. அடைக்கலம் கொடுத்த நாடு, அந்த அகதியைக் கூலிக்குப் பிடித்ததே நீங்கள்தான் என்றது. பேர்ன் இரண்டு பக்கமும் சமாதானம் சொல்லி வியர்த்தது. காய்ச்சலில் கிடந்த மனிசிக்குப் புருசன் சொன்ன ஆறுதல் வார்த்தை ஒரு வெளிநாட்டமைச்சின் வாயில் போய் நின்றதைத் தொலைக்காட்சியில் பார்த்தேன். ரிமோட்டைச் சுவரில் எறிந்தேன். அது உடைந்தது. வேறொன்றும் நடக்கவில்லை.

எங்கள் ஆட்கள் இன்னும் ஒரு படி மேலே போனார்கள். வெள்ளிக்கிழமை திரிம்பாக் கோயிலுக்குப் போயிருந்தேன். எனக்குப் பக்கத்தில் இருந்த பெண் தன் அர்ச்சனைத் தட்டை மெதுவாக மற்றப் பக்கம் நகர்த்தினா. வெளியே சப்பாத்துப் போடும் இடத்தில் ஒரு அண்ணை, ஊரில் என் மாமா வீட்டுக்குப் பக்கத்து வீடு, குரலைத் தாழ்த்திக் கேட்டார்.

“பிள்ளை, உள்ளதைச் சொல்லும். உண்மையாப் போட்டவரோ?”

“ஓம் அண்ணை, போட்டவர். நாலாம் மாடிக்கு வேலைக்கு ஆள் போட்டவர்” என்றேன்.

அவர் கண்ணைச் சிமிட்டினார். “விளங்குது, விளங்குது. உப்பிடியே சொல்லும், மாத்திச் சொல்லாதையும்” என்று என் தோளில் தட்டிவிட்டுப் போனார். எனக்கு உதவி செய்துவிட்டதாக நினைத்திருப்பார். வெள்ளைக்காரருக்குத் தமிழ் தெரியாது, விட்டுவிடலாம். இரண்டு அர்த்தமும் தெரிந்த எங்கள் ஆட்களே கொலையைத்தான் முதலில் எடுத்தார்கள். அது எனக்குப் பொலிஸைவிட வலித்தது.

என் கணவருக்கு அரசு கொடுத்த வழக்கறிஞர் இளம் பெடியன். நல்லவன், ஆனால் ஓயாமல் நகத்தைக் கடிப்பான். என் கணவர் விசாரணையில் வாயே திறக்கவில்லை என்று அவன் சொன்னான். யாரை அந்த மாடிக்கு அனுப்பினாய் என்று கேட்டால் நிலத்தைப் பார்க்கிறாராம். வாய் திறக்காமல் இருப்பது அவருடைய உரிமை, அதுதான் பாதுகாப்பும் என்றான். வழக்கு ஒன்று திறந்து கிடந்தால் ‘பி’ அட்டை வராது, ‘எஃப்’ அட்டையையும் பறித்து அவரை இலங்கைக்கு ஏற்றிவிட்டால் என்ன செய்வது என்று கேட்டேன். அவன் நகத்தைக் கடித்தான்.

“என்னுடைய தொலைபேசியில் இருக்கிற மற்ற வொய்ஸ்களை எல்லாம் அவர்கள் கேட்க வேண்டும்” என்றேன்.

“வழக்குக்குச் சம்பந்தமானதை மட்டும்தான் கேட்பார்கள்.”

“எல்லாமே சம்பந்தமானதுதான். நான் ஒவ்வொரு நாளும் ஆளைப் போடுகிறவள். என் கணவர் கொலைகாரன் என்றால் நான் இந்த ஹொட்டேலில் ஒருத்தரையும் மிச்சம் வைக்கவில்லை.”

அவன் கடிப்பதை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தான். அன்றைக்கே விண்ணப்பம் எழுதினான். முதலில் மறுத்தார்கள். விஷயம் நுணுக்கமானது, பேர்ன் மேலிடம் பார்க்கிறது, இரு நாட்டு உறவு என்று என்னென்னவோ சொன்னார்கள். திரும்பக் கேட்டோம். திரும்ப மறுத்தார்கள். நான் விடுமுறை எடுத்துக்கொண்டு ரயில் ஏறி, அந்த அலுவலக வாசலில் போய் உட்கார்ந்தேன். ஒன்றும் கத்தவில்லை. வாசலில் நின்ற காவலாளிக்கு என்னை மனப்பாடமாகும்வரை போனேன். அடிமேல் அடி அடித்தால் அம்மியும் நகரும் என்பார்கள். சுவிஸ் அம்மி கொஞ்சம் பாரம் கூடியது, ஆனாலும் நகர்ந்தது. எங்கள் இருவரையும் ஒன்றாக வைத்து விசாரிப்பதாகவும், அப்போது வொய்ஸ்களைப் போட்டுக் கேட்பதாகவும் அறிவித்தார்கள்.

என் கணவரைக் கூட்டிவந்தபோது அவர் மெலிந்திருந்தார். தாடி வளர்ந்திருந்தது. எங்களை ஒருவரோடொருவர் கதைக்கக் கூடாது என்று சொல்லிவிட்டார்கள். அவர் என்னைப் பார்த்து, காய்ச்சல் மாறிவிட்டதா என்று கேட்பதுபோல நெற்றியைத் தொட்டுக் காட்டினார். அந்த இடத்தில் அழக் கூடாது என்று நாக்கைக் கடித்துக்கொண்டேன்.

மொழிபெயர்ப்பாளரும் இருந்தார். அவர் சென்னைக்காரர், நடுவயது, மெதுவாகக் கதைக்கும் மனிதர். முதலாவது தாளை எழுதியவர் அவர்தான். அவரைக் கண்டதும் திட்ட வேண்டும் என்று பல நாளாக மனதுக்குள் பாடமாக்கி வைத்திருந்தேன். அதற்கு அவர் இடம் வைக்கவில்லை.

என் தொலைபேசியைப் போட்டார்கள். என் குரல் அந்த அறையில் ஒவ்வொன்றாக வந்தது. “மூண்டாம் மாடிக்கு ரெண்டு ஆளைப் போடுங்கோ, குறூப் வருது.” “முதலாம் மாடிக்குப் போட்ட ஆள் சரியில்லை, மாத்திப் போடுங்கோ.” “நேற்றுப் போட்ட ஆளையே இண்டைக்கும் போடுங்கோ, அவ நல்லாத் துடைக்கிறா.” மொழிபெயர்ப்பாளர் ஜெர்மனில் சொல்லச் சொல்ல, அதிகாரியின் வாய் ஒரு ஓரத்தில் அசையத் தொடங்கியது. ஒரு ஆளை இரண்டாம் தரமும் கொல்ல முடியுமா என்று நான் கேட்டேன். அதையும் எழுதினார்கள்.

பிறகு என் கணவரின் வொய்ஸை மெஷின் இரைச்சலைக் குறைத்துத் திரும்பப் போட்டார்கள். மொழிபெயர்ப்பாளர் கண்ணை மூடிக் கேட்டார். இன்னொரு தரம் போடச் சொன்னார். பிறகு முதலில் என்னிடம்தான் திரும்பினார்.

“அம்மா, அன்னிக்கு மெஷின் சத்தத்துல அந்த ‘க்கு’ எனக்கு விழவே இல்லை. ‘நாலாம் மாடி ஆளை’ன்னுதான் கேட்டுச்சு. செத்தவர் அந்த மாடின்னு முன்னாடியே சொல்லிட்டாங்க, மனசு அங்கயே போயிடுச்சு. எங்க ஆபீஸ்லயும் வேலைக்கு ஆள் போடுறதுன்னுதான் சொல்லுவோம். மன்னிச்சுக்குங்க.”

அதையே அதிகாரிக்கும் ஜெர்மனில் சொன்னார், தன் பிழை என்று தெளிவாகச் சொன்னார். ‘நாலாம் மாடிக்கு’ என்றால் நாலாம் மாடியின் வேலைக்கு என்று விளக்கினார். பழைய வரியை வெட்டிப் புதிய வரியை எழுதினார்கள். ஒரு ‘க்கு’வுக்காக இவ்வளவு நாள். நான் கதிரையில் சாய்ந்தேன். வென்றுவிட்டோம் என்று நினைத்தேன்.

அதிகாரி பேனையை வைத்துவிட்டு என்னைப் பார்த்தா. “நீங்கள் சொன்னது சரி. அது வேலைக்கு நிறுத்திய ஆள்” என்றா. பிறகு என் கணவர் பக்கம் திரும்பினா. “அப்படியென்றால் அன்று காலை அந்த மாடியில் நின்ற அந்த ஆள் யார்?”

இத்தனை நாளும் சொல்லைத் திருத்தத் திருத்த, அந்தக் கேள்விக்குத்தான் நான் பாதை வெட்டிக்கொண்டு வந்திருந்தேன். வழக்கறிஞர் என் கணவரின் கையைத் தொட்டு, சொல்லத் தேவையில்லை என்றான். என் கணவர் அவனைப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்தார். பிறகு தமிழில் சொன்னார்.

“ஆள் நான்தான்.”

மொழிபெயர்ப்பாளர் அதை ஜெர்மனில் சொல்லி முடிக்க முன்னமே அவர் தொடர்ந்தார்.

“ஒருத்தரும் கிடைக்கேல்லை. எல்லாருக்கும் எடுத்துப் பாத்தன். மனிசி காய்ச்சலோட கிடக்கிறா, ஆள் இல்லையெண்டால் எழும்பி வந்திடுவா. அதுதான் நானே போனனான். அந்த அறையில அட்டை தொங்கினது, நான் கதவைத் தொடேல்லை. மற்ற அறையள் எல்லாத்தையும் செய்திட்டுக் கீழ வந்தனான்.”

“ஏன் இவ்வளவு நாளும் சொல்லவில்லை?” என்று அதிகாரி கேட்டா.

“எங்கட நாட்டில, அங்க நிண்டனான் எண்டு சொன்னவன் வீட்டுக்கு வந்ததை நான் காணேல்லை” என்றார். பிறகு, “ஆனால் அவ இவ்வளவு தூரம் வந்திட்டா. நான் இன்னும் நிலத்தைப் பாத்துக்கொண்டிருந்தால் சரியில்லை” என்றார்.

நான் நாக்கைக் கடித்ததெல்லாம் வீண். எல்லோருக்கும் முன்னால் வாய்விட்டு அழுதேன்.

உண்மை அவரைக் கவிழ்த்துவிடும் என்று வழக்கறிஞர் பயந்தான். உண்மைதான் அவரைத் தூக்கிவிட்டது. கதவுகளின் பூட்டில், எந்த அறை எப்போது திறந்தது என்ற பதிவு இருந்தது. அவர் கொண்டுபோன, யாருடைய பெயரும் இல்லாத பொதுத் திறப்பு அட்டை மற்ற அறைகளை ஒழுங்காகத் திறந்திருந்தது, அந்த மனிதரின் அறையைத் திறக்கவில்லை. அவரோடு துணி தோய்க்கும் இடத்தில் வேலை செய்த போர்த்துக்கல்காரியும், அவருக்குத் தீங்கு வந்துவிடும் என்று அதுவரை மறைத்திருந்தவ, வந்து, அவர் துப்புரவு வண்டியோடு லிஃப்டில் ஏறியதையும், அந்த நேரம் முழுக்கத் தான்தான் அவருடைய மெஷின்களைப் பார்த்துக்கொண்டதையும் சொன்னா. லிஃப்ட் வாசலில் அவர் நெடுநேரம் நின்று சிலுவை போட்டதையும் சொன்னா. அவர் சைவக்காரர் என்று நான் திருத்தினேன். அப்படியென்றால் விபூதி பூசியிருப்பார், எனக்குத் தெரியாது, ஆனால் பயந்திருந்தார் என்றா. நஞ்சு முதல் நாள் இரவே, ஹொட்டேலுக்கு வெளியே எங்கேயோ கொடுக்கப்பட்டது என்றும் கண்டுபிடித்தார்கள். கொடுத்தவர் யார் என்று மட்டும் கண்டுபிடிக்கவில்லை.

நாடுகளைப் பற்றிக் கேட்டால், அவை தங்கள் பாட்டில் சமாதானமாகிவிட்டன. புதிய தூதுவர்கள் வந்தார்கள், கை குலுக்கினார்கள், படம் எடுத்தார்கள். விசா திறந்தது, குறூப்புகள் திரும்ப வந்தன. அகதிகள்தான் கொன்றார்கள் என்ற அறிக்கையை யாரும் வாபஸ் வாங்கவில்லை. என் வழக்கறிஞர் எழுதிக் கேட்டதற்குப் பதிலும் இல்லை. திரிம்பாக் அண்ணை இன்றைக்கும் என் கணவரைக் கண்டால் ஒரு மரியாதையோடு எழும்பி இடம் விடுகிறார். அதை மட்டும் என்னால் திருத்த முடியவில்லை, அண்ணைக்கு அந்த மரியாதை கொடுப்பது பிடித்திருக்கிறது. ‘பி’ அட்டை அடுத்த கோடைக்கு வந்தது.

ஆனால் எனக்கு மறக்காதது அவரைக் கூட்டிக்கொண்டு வந்த நாள்தான். பேர்னில் இருந்து ரயில். தூண் என்ற ஊர் கழிந்ததும் ஏரி பக்கத்தில் வந்துவிடும். அவர் யன்னல் பக்கம் இருந்தார். கோபப்பட எனக்கு அப்போதுதான் நேரம் கிடைத்தது.

“இஞ்சருங்கோ, எனக்காவது சொல்லியிருக்கலாமே? அண்டைக்கே, வொய்ஸிலேயே, நான்தான் மேல போறன் எண்டு சொல்லியிருந்தால் இவ்வளவும் வந்திருக்காதே.”

“சொல்லியிருந்தால் நீர் என்ன செய்திருப்பீர்?”

காய்ச்சலோடு எழும்பி, சப்பாத்தை மாட்டிக்கொண்டு ஓடியிருப்பேன். அவரை நாலாம் மாடிக்குப் போக விட்டிருக்கமாட்டேன். அது அவருக்கும் தெரியும். கேட்காமல் விட்டதில் எனக்கு அவரைப் பற்றித் தெரிந்திருந்தது, சொல்லாமல் விட்டதில் அவருக்கு என்னைப் பற்றித் தெரிந்திருந்தது.

“மேல பயமா இருந்ததோ?” என்று கேட்டேன். கலியாணம் முடித்த நாளில் இருந்து கேட்காத கேள்வி.

அவர் ஏரிப் பக்கமிருந்து என்னிடம் திரும்பினார்.

“லிஃப்ட் திறக்கேக்க பயமாத்தான் இருந்தது. பிறகு பாத்தால், வெறும் கட்டிலும் தலகாணியும்தான்” என்றார். “பன்னிரண்டு கட்டில் விரிச்சனான். வேணுமெண்டால் நாளைக்கும் என்னையே போடும்.”